சீட்டைக் கிழித்த செவிலி

அமைதியே அணிகலனாய், அன்பே அடையாளமாய் இந்த அவையின் தலைமை இருக்கையில் அமர்ந்திருக்கும் எங்கள் குடியிருப்பின் மூத்தவர் திரு. சுப்பிரமணியன் அவர்களே! மேடையை அணி செய்யும் மருத்துவப் பெருமக்களே! வெள்ளை உடுத்தி வந்து எங்கள் வேதனையை வெளுக்கும் செவிலியச் சகோதரிகளே! மண்ணைப் பிளந்து மின்னலை எடுக்கும் சுரங்கத் தோழர்களே! முதல் ஷிப்டு முடித்து முகத்துப் புழுதி போகுமுன்னே ஓடி வந்திருக்கும் உழைப்பாளர்களே! கம்மாபுரத்திலிருந்தும் சேத்தியாத்தோப்பிலிருந்தும் களையெடுத்த கையோடு பஸ் ஏறி வந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்தவர்களும், அணைத்தோமா இல்லையா என்று இப்போது யோசிக்கிறவர்களுமான என் அருமைத் தாய்மார்களே! இந்த மாலையின் நாயகியாய், தலை குனிந்தபடி, 'இந்த ஆள் எப்போது முடிப்பான்' என்று ஏங்கியபடி அமர்ந்திருக்கும் சகோதரி காந்திமதி அவர்களே! உங்கள் அனைவரையும் இரு கரம் குவித்து வணங்குகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் சண்முகசுந்தரம். பகலில் நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரி ஓடும் கன்வேயர் பெல்ட்டைப் பார்த்துக்கொள்கிறவன். மாலையில் இந்த மன்றத்தின் மைக்கைப் பார்த்துக்கொள்கிறவன். இரண்டும் ஓட ஆரம்பித்தால் நிற்காது என்று என் மனைவி சொல்வாள். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரியுங்கள். இன்னும் சற்று நேரத்தில் நான் சொல்லப்போவதைக் கேட்டுச் சிரிக்க முடியாது.

காந்திமதி டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார் என்ற செய்தி போன மாதம் எங்கள் பிளாக்கில் பரவியபோது, எதிர் குவார்ட்டர்ஸ் அம்மா ஒருவர் ஓடி வந்து என்னிடம் கேட்டார். "ஏங்க, காந்திமதி சிஸ்டர் டாக்டராயிட்டாங்களாமே? அப்ப இனிமே ஊசி வேற யாரு போடுவாங்க?"

அம்மா, அவர் ஆகியிருப்பது செவிலியத்தில் டாக்டர். ஊசியும் அவரே போடுவார், வலிக்காமல் போடுவார். ஆனால் அந்தப் பட்டத்துக்கு என்னென்ன வேண்டும் என்று தெரியுமா உங்களுக்கு? எனக்கும் தெரியாது. அடுத்த குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறவன் என்பதால், பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

முதலில் செவிலியப் பட்டம் வேண்டும். அதன்மேல் முதுகலை வேண்டும். நோயாளியின் கட்டிலருகே நின்று நின்று கால் வீங்கிய ஆண்டுகள் வேண்டும். பிறகு தொலைவில் இருக்கிற ஒரு பல்கலைக்கழகத்தின் கதவைத் தட்ட வேண்டும். திறந்தால் பாடம் படித்துத் தேர்வு எழுத வேண்டும். அதற்கப்புறம்தான் உண்மையான தேர்வு. யாரும் விடை எழுதாத ஒரு கேள்வியைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்வி சரியான கேள்விதானா என்று பெரிய படிப்பாளிகள் கூடி உட்கார்ந்து குடைவார்கள். ஒப்புக்கொண்டால் நோயாளிகளிடம் போய்ச் செய்து பார்க்க வேண்டும். செய்ததை எழுத வேண்டும். எழுதியதை எங்கிருந்தோ வருகிற தேர்வாளர்கள் முன்னால் நின்று, ஒற்றை ஆளாய் நின்று, வாதாடிக் காக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் வீட்டில் இட்லிக்கு அரிசி ஊற வேண்டும், டியூட்டிக்கு நேரத்தில் போக வேண்டும்!

அரிசி யார் ஊற வைத்தது? காந்திமதியின் கணவர் மருதமுத்து. அனல்மின் நிலையத்தில் வேலை, மதுரைக்காரர். அதோ மூன்றாவது வரிசையில் ஒளிந்துகொள்ளப் பார்க்கிறார். "மாவாட்டுறவனுக்கு எந்த யுனிவர்சிட்டிய்யா பட்டம் குடுக்கும்?" என்று என்னிடம் கேட்டார் ஒருநாள். நம் மன்றம் கொடுக்கும் ஐயா! கை தட்டுங்கள் அவருக்கு!

இனி கேள்விக்கு வருகிறேன். காந்திமதி கேட்ட கேள்வி என்ன?

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நம் மருத்துவமனைக்கு வேலைக்கு வந்த இந்தப் பெண், தன் வார்டில் ஒன்றைக் கண்டார். முதுகெலும்பு முறிந்து வருகிறவர்கள். வண்டியில் அடிபட்டவர், மரத்திலிருந்து விழுந்தவர். இடுப்புக்குக் கீழே அசைவில்லை, உணர்வில்லை. மருத்துவர்கள் உயிரைக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். முறிந்த எலும்பு அவரைக் கொல்லவில்லை. பின் எது கொன்றது? படுக்கை கொன்றது! ஆம் தோழர்களே, நாம் உறங்கி எழுகிற படுக்கை! ஒரே பக்கம் கிடந்தால் தோல் சிவக்கும். சிவந்தது கறுக்கும். கறுத்தது புண்ணாகும். புண் எலும்பு வரை போகும். உணர்வில்லாத உடம்பு என்பதால் அவருக்கு வலிக்கவே வலிக்காது. காய்ச்சல் வந்த பிறகுதான் வீடு விழிக்கும். அப்போது நேரம் கடந்திருக்கும்.

காந்திமதி கேட்டார்: வீட்டில் இருக்கிற ஒருவருக்கு, ஒரு மனைவிக்கோ தாய்க்கோ, புரட்டிப் படுக்க வைக்கவும், தோல் சிவக்கிறதா என்று பார்க்கவும் முறையாகச் சொல்லிக் கொடுத்து, செவிலி ஒருவர் வீடு தேடிப் போய்ப் பார்த்து வந்தால், இந்தச் சாவுகளைத் தடுக்க முடியாதா?

எளிய கேள்விதானே? ஆனால் பல்கலைக்கழகம் கேட்டது: முடியும் என்பதை எப்படி நிரூபிப்பாய்?

நிரூபிக்க ஒரு முறை சொன்னார்கள். நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரி. ஒரு பிரிவுக்குப் பயிற்சி கொடு, வீட்டுக்குப் போ. மறு பிரிவுக்கு வழக்கமாகச் சொல்லி அனுப்புகிற அறிவுரை மட்டும். யார் எந்தப் பிரிவு என்பதை நீ தீர்மானிக்காதே, சீட்டுக் குலுக்கு. கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டு. உலகமெங்கும் ஒப்புக்கொண்ட முறை அது. நான் பழிக்க வரவில்லை. புது மருந்து நல்லதா கெட்டதா என்று அப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

சீட்டுக் குலுக்கினார் காந்திமதி.

பயிற்சிப் பிரிவில் விழுந்தது என் ஷிப்டுத் தோழன் சிங்காரவேலின் பெயர். கம்மாபுரத்துக்காரன். மாமனார் ஊரான பண்ருட்டிப் பக்கம் போனவன், பலா மரத்தில் ஏறிக் கால் வழுக்கி விழுந்தவன். அவன் மனைவி கனகம் மருத்துவமனையிலேயே தங்கிக் கற்றுக்கொண்டாள். இரண்டு மணிக்கொருமுறை புரட்ட வேண்டும். வீட்டில் கடிகாரம் கிடையாது. என்ன செய்தாள்? ரோட்டில் போகிற பஸ்களை வைத்துக் கணக்குப் போட்டாள்! "விருத்தாசலம் வண்டி போச்சின்னா இந்தப் பக்கம், திரும்பி வந்துச்சின்னா அந்தப் பக்கம். வண்டிக்காரன் லேட்டா வந்தான்னா தெருவுல நின்னுகினு திட்டுவேங்க" என்பாள். ஒரு பஸ் ஓட்டுநர், தான் ஏன் திட்டு வாங்குகிறோம் என்று தெரியாமலேயே ஓர் உயிரைக் காப்பாற்றினார்!

வாரந்தோறும் தன் விடுமுறை நாளில் காந்திமதி அங்கே போவார். போர்வையை விலக்கிப் பார்ப்பார். தோல் பழுதில்லாமல் இருக்கும். கனகத்தின் முகத்தில் பூரிப்பு இருக்கும். ஆய்வு வெல்கிறது! பட்டம் நெருங்குகிறது!

அப்படி ஒருநாள் அவர் கனகத்தின் வீட்டில் இருந்தபோது வாசலில் ஒரு நிழல் விழுந்தது.

சின்னம்மாள். அடுத்த தெரு. கணவனை இழந்தவர், வயலில் கூலி வேலை. அவருடைய ஒரே மகன் ராஜேந்திரன், சைக்கிளில் போகும்போது லாரி இடித்து முதுகு முறிந்தவன். அவன் பெயர் மறு பிரிவில் விழுந்திருந்தது.

உள்ளே வரவில்லை சின்னம்மாள். வாசலில் நின்றபடியே கேட்டார்.

"நர்சம்மா, இந்த வூட்டுக்கு வாராவாரம் வர்றீங்க. எங்க வூட்டுக்கு மட்டும் ஏங்க வர்ல?"

காந்திமதி எழுந்து நின்றார். உண்மையைச் சொன்னார். "பெரியம்மா, இது ஒரு ஆராய்ச்சி. பாதிப் பேருக்கு இப்போ சொல்லிக் கொடுக்கோம். மீதிப் பேருக்கு முடிஞ்ச பிறகு சொல்லிக் கொடுப்போம். யார் யாருன்னு நான் முடிவு பண்ணலை. சீட்டுப் போட்டுப் பார்த்தது."

"சீட்டா?" சின்னம்மாள் சத்தம் போடவில்லை. "எம் புள்ளைய சீட்டுலயா போட்டீங்க?"

அவையோரே, ஆயிரம் ஆய்வேடுகளைப் புரட்டினாலும் இந்தக் கேள்விக்கு விடை எந்தப் பக்கத்தில் இருக்கிறது? சொல்லுங்கள், எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

கனகம் அங்கேயே நின்றிருந்தாள். அதுவரை அடக்கி வைத்திருந்ததை அவளும் கொட்டினாள். "நானும் கேக்கணும்னு நெனச்சிகினுதாங்க இருந்தேன். முடியற வரைக்கும் வேற யாருக்கும் சொல்லித் தர வாணாம்னீங்க. அடுத்த தெருவுல ஒரு புள்ள வாடிகினு கெடக்குது. நான் தெரிஞ்சிகினு வாய மூடிகினு இருக்கணுமா? சோறு எறங்கலீங்க எனக்கு."

காந்திமதி பையை எடுத்தார். "வாங்க பெரியம்மா, உங்க வீட்டுக்குப் போவோம்" என்றார்.

போனார். போர்வையை விலக்கினார். இடுப்புக்குப் பின்னால் புண் இருந்தது. தாய் வேப்பிலை அரைத்துப் பூசியிருந்தார். பாசத்தோடு பூசியிருந்தார். ஆனால் அடியில் அது ஆழமாகப் போயிருந்தது. ராஜேந்திரன் சிரித்தபடியே சொன்னானாம், "வலி ஒண்ணும் இல்லீங்க சிஸ்டர், ஆயாதான் சும்மா பயந்துகினு கெடக்குது" என்று. தாயை ஆயா என்று அழைக்கிற பிள்ளை அவன். வலி இல்லை என்று அவன் சொன்னதைக் கேட்டு, வலித்தது காந்திமதிக்கு.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவர், இனி வரும் நோயாளிகளுக்காக மீதமிருந்த சீட்டுகளை எடுத்து, கணவர் பார்க்கக் கிழித்துப் போட்டார். மருதமுத்து கேட்டார், "பட்டம் போயிருமேம்மா?" காந்திமதி சொன்னார், "போகட்டுங்க." அவ்வளவுதான். வீரவசனம் பேசவில்லை. சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார், சாப்பிடாமல் எழுந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்குத் தெரியும், அந்த வீட்டில் அன்று ரேடியோ கூடப் பாடவில்லை.

மறுநாள் ராஜேந்திரனை மருத்துவமனையில் சேர்த்தார். எல்லா வீடுகளுக்கும் போனார். பிரிவு பார்க்காமல் போனார். பிறகு ரயிலேறித் தன் வழிகாட்டிப் பேராசிரியர் சந்திரகலாவிடம் நேரில் போய் நின்றார். மறைக்கவில்லை. 'முடிவு வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்' என்று தள்ளிப் போடவில்லை.

பேராசிரியர் கோபக்காரர் என்று பெயர். ஆனால் அன்று கோபப்படவில்லையாம். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாராம். "காந்திமதி, நீ பண்ணது நர்சுக்கு ரொம்பச் சரி. ஆனா ஆராய்ச்சி பண்றவ நடுவுல இப்படி உடைச்சா, இதுவரைக்கும் சேர்த்த எதுவும் செல்லாது. உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்மா. நர்சு ஒருத்தி, ஆராய்ச்சிக்காரி ஒருத்தின்னு நான் ரெண்டு ஆளா இருக்க முடியலை."

"அப்போ முதல்லேருந்து வரணும். புதுத் திட்டம், புது அனுமதி. வருஷங்கள் ஆகும்."

"வாரேம்மா."

ஒரே சொல்! என்ன கொடுமை பாருங்கள்! ஏறிய மலையிலிருந்து இறங்கி, அடிவாரத்தில் நின்று, மறுபடி முதல் அடி வைப்பதற்கு எத்தனை பேருக்குத் துணிவு வரும்? அந்தப் பேராசிரியரையும் நாம் வாழ்த்த வேண்டும். விதியைத் தளர்த்தவில்லை அவர். மாணவியைக் கைவிடவும் இல்லை. இருவரும் உட்கார்ந்து வேறு வழி கண்டார்கள். இனி எல்லாக் குடும்பத்துக்கும் பயிற்சி. ஒப்பிடுவதற்கு, இதற்கு முந்திய ஆண்டுகளில் வந்து போன நோயாளிகளின் நிலை. இது முன்னதைப் போல் உறுதியான முறை இல்லை, தேர்வாளர்கள் குடைவார்கள் என்று பேராசிரியர் எச்சரித்தார். குடையட்டும் என்றார் காந்திமதி.

ராஜேந்திரன் என்ன ஆனான் என்று கேட்கிறீர்கள். முன்வரிசையில் ஒரு தாய் கேட்கிறார். சொல்கிறேன் அம்மா.

ராஜேந்திரன் பிழைக்கவில்லை.

மருத்துவர்கள் போராடினார்கள், செவிலியர் போராடினார்கள். புண் முந்திக்கொண்டது. மகனை வாரிக் கொடுத்துவிட்டு சின்னம்மாள் வயலுக்குத் திரும்பினார். காந்திமதி துக்கம் கேட்கப் போனபோது முகம் கொடுக்கவில்லை. திண்டாடி நின்றுவிட்டுத் திரும்பி வந்தார் இவர். அடுத்த முறை போனபோதும் அப்படியே. யாரைக் குறை சொல்வது? முகத்தைத் திருப்பிக்கொண்ட தாயைக் குறை சொல்ல இந்த அவையில் யாருக்கு வாய் வரும்?

ஒரு போகம் கடந்தது. கம்மாபுரத்துக்குப் பக்கத்து ஊரில் கிணற்று வேலைக்குப் போன ஒருவர் அடிபட்டு மருத்துவமனைக்கு வந்தார். கூடவே அவருடைய தாய், பேயறைந்தாற்போல் நின்றிருந்தார். காந்திமதி எத்தனை சொல்லியும் அந்தத் தாய் மகனைத் தொடவே அஞ்சினார். 'புரட்டினால் இன்னும் முறிந்துவிடுமோ' என்ற பயம்.

பார்வை நேரத்தில், ஊரில் செய்தி கேட்டு வார்டின் வாசலில் வந்து நின்றார் சின்னம்மாள். யாரும் அழைக்கவில்லை. காந்திமதியின் பக்கம் பார்க்கவும் இல்லை. நேராக அந்தத் தாயிடம் போனார்.

"பயப்படாத. எம் புள்ளையும் இப்டிதான் கெடந்தான். கடேசில இந்தம்மா எனக்குக் காட்டிச்சி எப்டி திருப்பறதுன்னு. எனக்கு அப்ப லேட்டாப்பூட்டுது. உனக்கு லேட்டாவல. இந்தா, எங் கையப் புடி. நான் தோளத் தாங்கறேன், நீ இடுப்பத் தாங்கு."

இருவரும் புரட்டினார்கள். அதன்பிறகுதான் சின்னம்மாள் காந்திமதியைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "சரியாப் பண்ணனா நர்சம்மா?"

காந்திமதி தலையை மட்டும் ஆட்டினாராம்.

அன்று அந்த ஆய்வுக்குப் புதுக் கதவு திறந்தது. செவிலி சொன்னால் அஞ்சுகிறவர்கள், தன்னைப் போன்ற ஒரு தாய் சொன்னால் கேட்கிறார்கள்! கனகமும் கற்றுக் கொடுக்க வந்தாள். கற்ற குடும்பம் கற்காத குடும்பத்துக்குக் கற்றுக் கொடுத்தது. கையிலிருந்து கைக்கு, வீட்டிலிருந்து வீட்டுக்கு, தெருவிலிருந்து தெருவுக்கு அந்த அறிவு நடந்தது. அதை அளந்தார், ஆராய்ந்தார், எழுதினார் காந்திமதி.

கடைசியில் தேர்வாளர்கள் முன்னால் நின்ற நாள். முதல் முயற்சி முறிந்த கதையை ஆய்வேட்டில் சேர்க்கத் தேவையில்லை, அது பல்கலைக்கழகம் கேட்கிற ஒன்றில்லை என்று பேராசிரியரே சொல்லியிருந்தார். இவர் சேர்த்திருந்தார். வெளியூர்த் தேர்வாளர் ஒருவர் அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: "வலுவான முறையைக் கைவிட்டு, வலுக்குறைந்த முறைக்கு வந்திருக்கிறீர்கள். உங்கள் முடிவை நான் எப்படி முழுதாக நம்புவது?"

காந்திமதி சொன்ன பதிலை மருதமுத்து என்னிடம் சொன்னார். "முழுதாக நம்ப வேண்டாம் ஐயா. எவ்வளவு நம்பலாம், எதை நம்பக் கூடாது என்றும் எழுதியிருக்கிறேன். அந்த வலுவை ஒரு மகனைக் காக்க வைத்துத்தான் பெற வேண்டியிருந்தது. முதலில் காக்க வைத்தேன். மறுபடி என்னால் முடியவில்லை."

தேர்வாளர் பக்கத்தைப் புரட்டினார். பின்னும் வெகுநேரம் கேள்வி கேட்டார்கள், விட்டுவிடவில்லை. ஒவ்வொன்றுக்கும் நின்று விடை சொன்னார். வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். மறுபடி உள்ளே அழைத்தபோது, கேள்விகளால் குடைந்த அதே தேர்வாளர் எழுந்து நின்று, "வாருங்கள், டாக்டர் காந்திமதி" என்றார்.

தட்டுங்கள்! கை வலிக்கத் தட்டுங்கள்! பல்கலைக்கழகம் தந்த பட்டம் காகிதத்தில் இருக்கிறது, நெய்வேலி தருகிற பட்டம் உங்கள் கைகளில் இருக்கிறது!

போதும். இப்போது உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கை தட்டிவிட்டுக் கலைந்து போகவா வந்தோம்? ஆய்வு முடிந்தது. ஆய்வுக்காகப் போய்வந்த வீட்டுப் பயணங்களும் அதோடு முடிகின்றன. ஆனால் அடிபடுகிறவன் முடிந்துவிட்டானா? மரங்கள் வழுக்குவதை நிறுத்திவிட்டனவா? லாரிகள் இடிப்பதை நிறுத்திவிட்டனவா? நாளைக்கு ஒருவன் முதுகு முறிந்து வீடு திரும்பினால், அந்த வீட்டுக் கதவை யார் தட்டுவது? பெர்மனென்ட் தொழிலாளி வீடானாலும், கான்டிராக்ட் தொழிலாளி வீடானாலும், கழனிக் கூலி வீடானாலும், போர்வைக்குள் இருக்கிற தோல் ஒரே தோல்தானே? காந்திமதி ஒருவர் எத்தனை வீட்டுக்குப் போவார்? அவருக்கு இரண்டு கால்தானே!

ஆகவே இந்த மன்றத்தின் சார்பில் வேண்டுகிறேன். பிளாக்குக்குப் பிளாக், ஊருக்கு ஊர், முன்வாருங்கள். ஞாயிறு காலை டி.வி.க்கு முன்னால் உட்கார்கிற நேரம், அந்த ஒரு நேரம் போதும். காந்திமதி கற்றுத் தருவார். ஆண்களும் வரலாம். அடே, ஆண்கள்தான் வர வேண்டும்! கன்வேயர் பெல்ட்டில் ஒரு கீறல் விழுந்தால் கண்டுபிடிக்கிற நமக்கு, கட்டிக்கொண்டவளின் முதுகில் ஒரு சிவப்பைக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டாமா? முதல் பெயர் என்னுடையது. எழுதிக்கொள்ளுங்கள், சண்முகசுந்தரம்!

இரண்டாவது யார்? மருதமுத்து கை தூக்குகிறார். வாழ்க! அடுத்து? யாரங்கே, பந்தலின் ஓரத்தில் எழுந்து நிற்பது? கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாருங்கள் அம்மா.

அவையோரே... சின்னம்மாள் வந்திருக்கிறார்.

மேடைக்கு வாருங்கள் அம்மா. வரமாட்டேன் என்கிறார். என்ன சொல்கிறீர்கள், சற்று உரக்கச் சொல்லுங்கள். அமைதி, தோழர்களே, அமைதி.

"மேடைக்கெல்லாம் வாணாங்க. எம் பேரு எழுதிகினு, பக்கத்துல எம் புள்ள பேரையும் எழுதுங்க. அவனாலதான் நான் கத்துகினேன்."

எழுதுகிறோம் தாயே. உங்கள் சொற்படியே, இரண்டு பெயரையும் எழுதுகிறோம்.

இதோ, சகோதரி காந்திமதி எழுந்துவிட்டார். படியிறங்கிப் போகிறார். வழி விடுங்கள், வழி விடுங்கள். கழுத்தில் போட்ட மாலையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போகிறார். அந்தத் தாய் அதை வாங்கிக்கொள்ளவில்லை. காந்திமதியின் கையைப் பற்றிக்கொண்டார். இருவரும் அப்படியே நிற்கிறார்கள்.

இதற்குமேல் என் பேச்சுக்கு இங்கே இடமில்லை. பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், கேட்டவுடன் எழுந்து நின்ற தாய்மார்களுக்கும், கை உயர்த்திய, இனி உயர்த்தப்போகிற தோழர்களுக்கும், பேச இடம் தந்த தலைவர் அவர்களுக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி சொல்லி, அங்கே கைகோத்து நிற்கிற அந்த இரு பெண்களையும் தலை தாழ்த்தி வணங்கி விடைபெறுகிறேன். வணக்கம்.